பென்சில் முனை காட்டிய வீடு

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் வெச்சேன். எங்க விழுந்திருக்குனு நீயே பாரும்மா" என்றார் மேற்பார்வையாளர்.

மேசையில் ஒரு தாள். வரிசையும் பத்தியுமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்கள். கல்லூரியில் கணக்குப் படித்த நாளிலிருந்து, எந்த வீட்டுப் படிவத்தை நேரில் போய்ச் சரிபார்ப்பது என்பதற்கு அவருக்கு அந்தத் தாள்தான் வேதவாக்கு. பென்சில் முனை பதினேழில் நின்றது.

கணக்கெடுக்கும் பெண் அந்த எண்ணையே பார்த்தாள். முதியோர் கணக்கெடுப்பில் அவள் பங்குக்கு நாற்பது வீடுகள். முப்பத்தொன்பதுக்கு வெயிலில் நடையாய் நடந்தாள். பதினேழாவது வீட்டுக்கு மட்டும் போகவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து படிவத்தைத் தானே நிரப்பிவிட்டாள்.

"வேற நம்பர் எடுக்கலாமே சார். அந்த வீடு ரொம்ப தூரம்."

"வசதியான வீடாப் பார்த்துப் போனா அதுக்குப் பேரு சோதனையா? நாற்பது வீட்டுக்கும் ஒரே வாய்ப்பு. இந்த எண்ணுக்கு ஆளும் தெரியாது, தூரமும் தெரியாது. ஒரு படிவம் பொய்னு தெரிஞ்சாலும் நாற்பதும் குப்பைக்குத்தான். நீயும் வேலையை மறந்துட வேண்டியதுதான்."

பதினேழாவது வீட்டின் கதவைத் திறந்தவர் ஒரு பெரியவர். மேற்பார்வையாளர் படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார். வயது எழுபத்திரண்டு. மனைவி இல்லை. தனியாகத்தான் இருக்கிறார். முழங்கால் வலி. எல்லாம் பொருந்தி வந்தது. அவளோ மேற்பார்வையாளரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி நின்றாள்.

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு."

"வந்து பார்க்குமா?"

பெரியவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். அவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆனா வந்துடும். ஒரு வாரம் தவறாது."

படிவத்திலும் அப்படியே எழுதியிருந்தது. மேற்பார்வையாளர் டிக் அடித்தார்.

"கடைசியா ஒண்ணு. செவ்வாய்க்கிழமை இந்தம்மா நேர்ல வந்து விசாரிச்சாங்களா?"

பெரியவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "வந்தாங்களே. பொறுமையா எல்லாத்தையும் கேட்டாங்க. பாவம், வெயில்ல வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்க மறந்துட்டேன்."

தெருவில் இறங்கியதும் மேற்பார்வையாளர் சிரித்தார். "அச்சு அசலா இருக்கு. இதுக்குப் போயா அப்படிப் பயந்தே?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு வருடமாக எட்டிக்கூடப் பார்க்காத மகளுக்காக அவளுடைய அப்பா கூசாமல் இரண்டு பொய் சொல்லியிருந்தார். அவளுக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.