பதறியதால் தோல்வி

மருத்துவக் கல்லூரியில் தேர்வு வந்துவிட்டால், எல்லார் காதுக்குப் பின்னாலும் பயத்தை நிறுத்தும் வில்லை ஒன்றை ஒட்டிவிடுவார்கள். பிறகு யாருக்கும் கை நடுங்காது, நாக்கு உலராது.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வில் குழலிக்கு வந்த நோயாளி ஆட்டோ ஓட்டுநர் பிச்சைமணி. அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவருடைய உதடு நீலம் பாரித்தது.

"மூச்சு அடைக்குது. நல்ல அறிகுறி, எல்லாரும் பாத்துக்கோங்க" என்றார் தேர்வாளர், நிதானமாக. அவர் காதுக்குப் பின்னாலும் வில்லை இருந்தது. மாணவர்கள் அமைதியாகக் குறிப்பெடுத்தார்கள்.

குழலியின் வில்லை காலையில் பேருந்து நெரிசலின் வியர்வையிலேயே கழன்று விழுந்திருந்தது. "ஐயோ, ஆள் போயிருவார் சார்!" என்று அலறிக்கொண்டு ஓடி, ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தானே இழுத்துவந்தாள்.

பிச்சைமணி பிழைத்தார். குழலி பெயிலானாள். மதிப்பெண் தாளில் காரணமும் இருந்தது: "தேர்வறையில் பதறினார்."

மறுவாரம் பிச்சைமணிக்கு மறுபடியும் மூச்சு இழுத்தது. கட்டிலைச் சுற்றி, வில்லையை இன்னும் கழற்றாமல் புன்னகையோடு நின்ற புது டாக்டர்களைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி கல்லூரி முதல்வர் அறைக்குள் நுழைந்தார்.

"சார், பாஸானவங்க யாரும் வேணாம். பெயிலான அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க!"