கடைசி வரிசைக்குக் கேட்கிறதா

உட்காருவதற்கு முன் கடைசி வரிசைக் கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். ஒரு சொரசொரப்பும் இல்லை. அவன் இழைத்த கல், எப்படி இருக்கும்?

மலைச்சரிவு முழுக்கத் தலைகள். இப்போதுதான் விடிந்திருக்கிறது, அதற்குள் ஊரே ரொட்டியும் ஆலிவும் கட்டிக்கொண்டு நாடகம் பார்க்க வந்துவிட்டது.

அவன் நாடகம் பார்க்க வரவில்லை. கடைசி வரிசைக்குச் சத்தம் எட்டுகிறதா என்று பார்க்க வந்திருந்தான். மனைவியிடம் அப்படித்தான் சொன்னான்.

"கல்லைப் பாக்கவா பண்டிகை அங்கியை எடுத்து மாட்டியிருக்கீங்க?" என்றாள் அவள். இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

இந்த அரங்கம் எழும்பியபோது அவனும் அவன் தம்பியும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். ஒரு வரிசை முடிந்ததும் தம்பி கீழே இறங்கி, வட்டத்தின் நடுக்கல்லில் போய் நிற்பான். குதிகாலை இரண்டு முறை தேய்ப்பான். பிறகு தாழ்ந்த குரலில் ஒன்று சொல்வான். மேலே உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்குக் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். தூக்கும்வரை தம்பி அடுத்த வார்த்தை பேச மாட்டான்.

எப்போதும் ஒரே பேச்சுதான்.

"அண்ணா, பசிக்குது."

ஐம்பது வரிசைக்கும் அதையே சொன்னான், தின்னிப் பயல்.

கடைசியில் அந்தக் குரலே வினையாகிவிட்டது. ஊர் ஊராகப் போகும் நாடகக்காரர்கள் அதைக் கேட்டார்கள். தம்பி உளியை வைத்துவிட்டு அவர்களோடு கிளம்பினான். அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"போ. இனி உன் சத்தம் என் காதுல விழவே கூடாது."

நான்கு வருடமாக விழவில்லை. தம்பி அண்ணன் பேச்சைத் தட்டாதவன்.

கொம்பு ஊதினார்கள்.

தம்பி சேர்ந்த கூட்டத்தில் நடிகர்கள் மூன்று பேர்தான். எல்லா வேடமும் அவர்களே. முகமூடியை மாற்றினால் ஆள் மாறிவிடும். துணியும் பசையும் சேர்த்துச் செய்த பெரிய முகங்கள். உள்ளே இருப்பது யார் என்று பெற்றவளுக்கே தெரியாது.

அவனுக்குத் தெரிந்தது. ராஜா வந்து நின்றதுமே கண்டுபிடித்துவிட்டான். அந்த உயரம். கல் தூக்கிய அந்தத் தோள்.

பக்கத்தில் ஒரு பூண்டு வியாபாரி வறுத்த கொண்டைக்கடலையை மென்றுகொண்டிருந்தான்.

"அந்த ராஜா என் தம்பி," என்றான் அவனிடம். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"அப்படியா! நல்லாத்தான் கத்துறாரு."

ராஜா தொண்டை கிழியக் கத்தினான். அண்ணனுக்கு எரிச்சலாக வந்தது. இங்கே எதற்கு இந்தக் கத்தல்? கிசுகிசுத்தாலே கடைசி வரிசைக்கு வந்துவிடும் என்று இவனுக்குத் தெரியாதா? இவனே நின்று பார்த்த இடமாயிற்றே. நான்கு வருடத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் போல. அவனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

அப்புறம் கிழவி வந்தாள்.

ராஜாவின் தாய். நரைத்த முடி, வெளுத்த முகம், கையில் ஒரு கோல். போரில் செத்துப்போன இளைய மகனைக் கொண்டுவந்து அவள் முன்னால் கிடத்தினார்கள்.

அவள் கத்தவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்புவது போல மெல்லப் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் படியேறி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தது. கடலை மெல்லும் சத்தம் நின்றுபோனது. அவன் பண்டிகை அங்கியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

அந்த முகமூடிக்குள் யார் பெற்ற பிள்ளையோ! தம்பி இவனிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கிழவி எழுந்தாள். கோலை ஊன்றிக்கொண்டு நடுக்கல்லுக்கு வந்தாள்.

குதிகாலை இரண்டு முறை தேய்த்தாள்.

கடைசி வரிசைக்கு அது தெளிவாகக் கேட்டது.

அவன் ராஜாவைப் பார்த்தான். ராஜா வாசல் ஓரமாக நின்றுகொண்டிருந்தான், யாரோ ஒருவன். அண்ணன் கிழவியைப் பார்த்தான்.

"கேட்கிறதா, தேவர்களே?" என்றாள் கிழவி, தாழ்ந்த குரலில்.

வெள்ளை முகம் மேலே நிமிர்ந்தது. அதன் பார்வை கடைசித் தலைகளுக்குப் பின்னால் வானம் தொடங்கும் இடத்தில் நின்றது.

அதற்குமேல் அவள் பேசவில்லை.

துக்கத்தில் வாயடைத்துப் போனாள் என்று மலையே நினைத்தது. முன் வரிசையில் யாரோ விம்மினார்கள். ஆனால் அமைதி நீண்டுகொண்டே போனது. குழல் ஊதுகிறவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். ராஜா காலை மாற்றி நின்றான்.

"வரி மறந்துடுச்சு, பாவம்," என்றான் பூண்டு வியாபாரி.

"மறக்கல."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான்கு வருட வீம்பு ஒரு நொடி கையைப் பிடித்துக் கீழே இழுத்தது.

கையைத் தூக்கினான். சின்னதாக இல்லை. தோள் வலிக்கும்படி நன்றாக உயரத் தூக்கினான்.

கிழவி அடுத்த வரியைச் சொன்னாள்.

வெயில் ஏறியது. நாடகம் முடிந்து ஜனங்கள் பொட்டலங்களைப் பிரித்தார்கள். அவன் மட்டும் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு படிகளையே பார்த்தபடி இருந்தான்.

"நீங்க சாப்பிடலையா?" என்றான் பூண்டு வியாபாரி.

"இருக்கட்டும். பசிக்குதுன்னு ஒருத்தன் வருவான்."