டிரைவர் சீட்டுக்கு அடியில்

மாடல் சங்கத்துச் செயலாளர் லாரியைத் தலைகீழாகத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு தேடி வந்தவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி. கோப்பை போன வருடமும் அவளுக்குத்தான், அதற்கு முந்தைய வருடமும் அவளுக்குத்தான். நாளைய கண்காட்சியில் மட்டும் வேறு யாருக்குப் போய்விடப் போகிறது? உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ராணுவ லாரி. அதில் குற்றம் கண்டுபிடிக்க இனி ஒருவர் பிறந்துதான் வர வேண்டும்.

ஒட்டிச் சேர்க்க உதிரி உதிரியாக வந்த கிட் என்னவோ அரதப்பழசு. பெட்டியைத் திறந்த அன்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அச்சு தேய்ந்து ஓரமெல்லாம் பிசிறு. கதவுக்கும் பாடிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முன்கண்ணாடி அசல் சோடாப்புட்டி. இதைப் போய் யாராவது வாங்குவார்களா என்று கணவர் கேட்டார். ஆனால் இந்த வகை லாரிக்கு வேறு கிட் கிடையாது. நிஜ லாரியும் கிழடுதான், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிசிறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். இடுக்குகளுக்குப் பட்டி வைத்தாள். புது ஃபிரேம்களில் காட்சிக்காக மாட்டி வருமே பவர் இல்லாத பிளாஸ்டிக், அதை வெட்டி முன்கண்ணாடியாக்கினாள். தார்ப்பாய்க்கு மெல்லிய காகிதத்தைப் பசைத் தண்ணீரில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் சுருக்கம் வைத்தாள்.

சாப்பாட்டு மேசையை ராணுவம் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு, கணவர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். மகள் அரசாங்க வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து அக்காவுக்குப் பொழுது போகவில்லை என்று சங்கத்தில் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

மற்றவர்கள் பழைய புத்தகங்களைப் பார்த்துக் கட்டுவார்கள். அவளிடம் போட்டோக்கள் இருந்தன. இடது மட்கார்டில் ஒரு நசுங்கல், உடைந்த படிக்குப் பதில் கட்டிய கயிறு, கதவுப் பிடியில் சுற்றிய துணி, எல்லாமே பக்கத்தில் நின்று எடுத்தவை. யார் கொடுத்தது என்று செயலாளர் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். அதை ஓட்டுகிற ஆள் என்று மட்டும் சொல்லுவாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள்.

டார்ச் வெளிச்சம் ஓரிடத்தில் நின்றது.

செயலாளரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே ஒரு தகடு. பிளாஸ்டிக் இல்லை, டப்பாவிலிருந்து வெட்டி இரண்டாக மடித்த நிஜத் தகரம். வண்டி முழுக்கப் பச்சை அடித்தவள், அதை மட்டும் பெயிண்ட் படாமல் பளபளவென்று விட்டிருந்தாள்.

“அக்கா, நிஜ வண்டில இந்தத் தகடு கிடையாதே.”

அது அவளுக்குத் தெரியாதா என்ன.

அவருக்கு உண்மையிலேயே வருத்தம். நிஜத்தில் இல்லாதது மாடலில் இருக்கக் கூடாது, போட்டியின் தலையாய விதியே அதுதான். நடுவர்கள் பார்த்தால் கோப்பை நேராகச் சங்கத்துப் பல் டாக்டர் செய்த டாங்கிக்குப் போய்விடும். அதுவும் எந்த வருடம் பார்த்து! கோப்பை கொடுக்க வருவது ராணுவ வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பான பெரிய அதிகாரி. அவருக்காகச் செயலாளர் புதுக் கோட்டே தைத்திருந்தார்.

தகட்டைப் பிய்த்துவிடலாம் என்றார். மனம் வரவில்லை என்றால் பச்சையாவது அடித்துவிடலாம், அடியில் இருப்பதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். சொல்லிக்கொண்டே பிரஷை எடுத்துப் பச்சையில் தோய்த்தும்விட்டார்.

அவள் பதறவில்லை. வருகிற அதிகாரி மேடையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போய்விடுவாரா, இல்லை எல்லாவற்றையும் பார்ப்பாரா என்று விசாரித்தாள். பார்ப்பாராம். ராணுவ வண்டி என்றால் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டாராம். ஒரு நட்டு தப்பாக இருந்தாலும் செய்தவரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பாராம்.

அவளுக்கு வேண்டியது அதுதான். எழுந்துபோய், கடையிலிருந்து கொண்டுவந்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து மேசையில் படுக்க வைத்தாள். லாரியை அவர் கையிலிருந்து வாங்கி அதன்மேல் நிறுத்தினாள். இனி யாரும் குனிய வேண்டாம். வண்டியின் அடிவயிறு முழுவதும் கண்ணாடியில் தெரிந்தது. பச்சைக்கு நடுவே தகடு மட்டும் மின்னியது.

செயலாளர் பிரஷும் கையுமாக விழித்தார். மற்றதெல்லாம் அச்சு அசலாக இருந்தால்தான் தப்பான இந்த ஒன்று அந்த அதிகாரியின் கண்ணில் படும், அதற்குத்தான் இவ்வளவு பாடும் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். சமையலறை வாசலில் நின்றிருந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவர் கேக்கணும் தம்பி. கேட்டா சொல்லுவேன், இந்த சீட்ல உக்காந்து ஓட்டறது என் பொண்ணு, ரோட்டுல புதைச்சு வச்சது வெடிச்சா அவளுக்கும் அதுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லன்னு.”

செயலாளர் பிரஷை டர்பன்டைனில் அலசி, இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு லாரியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்தத் தகட்டில் பதிந்திருந்த தன் விரல் தடத்தைத் துடைத்தார்.