நாற்பது பேர், ஒரு கையெழுத்து

"நாப்பது படிவம். நாப்பதுலயும் ஒரே கையெழுத்து. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?"

பேராசிரியர் படிவக் கட்டைத் தூக்கி மேஜைமேல் போட்டார். எதிரே ஒரு மாணவி நின்றிருந்தாள். வகுப்பில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

இறுதியாண்டுக் குறும்படத்துக்கு நூறு மதிப்பெண். பாதி, படத்துக்கு. மீதிப் பாதி, யாருக்காக எடுத்தார்களோ அவர்களை ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்களா, படம் அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு. சேர்ந்ததற்கு அத்தாட்சி, பார்த்தவர்கள் நிரப்பிக் கொடுக்கும் கருத்துப் படிவம். அது பொய் என்றால் படமே ரத்து, ஒரு வருஷம் போச்சு. பூனைக்கு அடுத்த மாதமே ஒரு எடிட்டிங் ஸ்டூடியோவில் வேலை காத்திருந்தது. அதுவும் போச்சு.

"இங்க பாரு, இது இயக்குநரோடது." இன்னொரு கட்டை விரித்தார். இயக்குநர் என்பது வகுப்பின் முதல் மாணவனுக்குப் பட்டப்பெயர். தலையில் தொப்பி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. "முந்நூறு பேர்! நீலம், கறுப்பு, பச்சை. ஒருத்தர் சாய்ச்சு எழுதியிருக்கார், ஒருத்தர் உருட்டி உருட்டி எழுதியிருக்கார். இதுக்குப் பேரு வேலை. நீ என் காதுல பூ சுத்தறே."

"நான்தான் சார் எழுதினேன்."

"பாத்தீங்களா மேடம், அவளே ஒத்துக்கிட்டா!"

மேடம், வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர். காலையிலிருந்து காபி குடித்ததைத் தவிர அதிகம் வாய் திறக்காதவர்.

"சொன்னது அவங்க சார். எழுதினது மட்டும்தான் நான்" என்றாள் பூனை. "ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடம். மத்தியானம் அரை மணி நேரம்தான் விடுவாங்க. ஒரு போர்வையைக் கட்டி அதுமேல படத்தைப் போட்டேன். காலையிலேர்ந்து ப்ளீச்சிங் தண்ணியில ஊறின கை, பேனா பிடிச்சா எரியுதுன்னாங்க. அதான் ஷிப்ட் முடிஞ்சதும் ஒவ்வொருத்தரும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்."

"நல்லா ஜோடிக்கறே. படத்துக்குக் கதை எழுதும்போது இந்தக் கற்பனை எங்க போச்சு?"

மேடம் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அங்க ஒரு போன் போட்டுப் பாத்துடலாமே சார்."

போட்டார்கள். ஸ்பீக்கரில் முதலில் மெஷின் இரைச்சல், அப்புறம் சூப்பர்வைசர் அம்மாவின் குரல்.

"யாரு, படம் எடுத்த பொண்ணா? ஆமாங்க, சாப்பிடக்கூட இல்ல, உக்காந்து நாப்பது பேருக்கும் எழுதிச்சு. இப்ப ரெண்டாவது ஷிப்ட்காரங்க என் உசுரை வாங்கறாங்க, எங்களுக்கு எப்பப் போடுவீங்கன்னு. அந்தப் பொண்ணைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க சார், புண்ணியமாப் போகும்."

பேராசிரியர் போனை வைத்துவிட்டு, அதுவரை கையெழுத்தை மட்டுமே பார்த்திருந்த படிவங்களை முதல் தடவையாகப் படித்தார்.

'சத்தம் சரியாக் கேக்கலை.'

'என் பக்கத்துல நிக்கறவளை ரெண்டு தடவை காட்டினே. நான் என்ன பாவம் பண்ணேன்?'

'எதுக்கு எங்களை அழுமூஞ்சியாவே காட்டறே? நாங்க நாள் முழுக்கச் சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் வேலை பாக்கறோம்.'

"அதுக்கப்புறம் படத்தை மாத்திட்டேன் சார்" என்றாள் பூனை. "அவங்க சிரிக்கறதைப் போய் எடுத்துட்டு வந்து சேத்தேன். அதனாலதான் குடுக்க ரெண்டு நாள் லேட்டு."

தன்னைத் தானே இப்படித் திட்டிக்கொண்டு யாரும் பொய்ப் படிவம் எழுத மாட்டார்கள். பேராசிரியருக்கு வெட்கமாக இருந்தது. கெட்ட மனிதர் இல்லை, கோபக்காரர், அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்கோம்மா. அவசரப்பட்டுட்டேன்." ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போட்டார். மேடமும் கையெழுத்துப் போட்டார். பூனை கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனாள்.

அவள் போனதும் பேராசிரியர் அந்த முந்நூறையும் புரட்டினார். 'மிக அருமை.' 'மிக மிக அருமை.' 'அருமையோ அருமை.' முந்நூறிலும் ஒரு குறை இல்லை. சம்பந்தி வீட்டு விருந்தில்கூடக் குறை சொல்ல நாலு பேர் இருப்பார்கள்.

"கூப்பிடுங்க அந்த இயக்குநரை!"

இயக்குநர் வந்தான். பேராசிரியரின் முகத்தைப் பார்த்ததுமே தொப்பி கைக்கு வந்துவிட்டது.

"இதை எழுதினது யாரு? உண்மையைச் சொன்னா பொழைச்சே."

"ஃப்ரெண்ட்ஸ் சார். கேன்டீன்ல உக்காந்து எழுதினோம்."

பேராசிரியர் எழுந்தே விட்டார். கொஞ்ச நேரம் முன்னால் ஒரு நல்ல பெண்ணைத் திட்டிய பாவத்தையெல்லாம் இவன் தலையில் இறக்கிவிடும் வேகம்.

"கலர் கலரா பேனா! சாய்ச்சு ஒண்ணு, உருட்டி ஒண்ணு! படிக்கிற வயசுல இந்தத் திருட்டுப் புத்தி எங்கேர்ந்துடா வந்தது? யாரு கத்துக் குடுத்தா? மேடத்துக்கு முன்னாடியே சொல்லு!"

இயக்குநர் தொப்பியைத் திருகினான். சார் உண்மையாகவே கேட்கிறாரா, விளையாடுகிறாரா என்று அவனுக்குப் புரியவில்லை.

"என்ன சார், மறந்துட்டீங்களா? போன வருஷம் உங்க பிஹெச்.டி.க்கு வகுப்பே உக்காந்து நானூறு சர்வே படிவம் நிரப்பினோமே. ஆளுக்கு நாலு கலர் பேனா நீங்கதானே சார் வாங்கிக் குடுத்தீங்க?"