மாடிக் கூட்டம்

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க” என்றாள் அவள், நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தொட்டபடி.

வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் இருந்த ஒன்பது பெண்களில் ஒருத்திகூட அதை நம்பவில்லை. பக்கத்து நாற்காலித் தையல்கார அம்மா அவள் முதுகில் கையை வைத்தார். “நானும் பத்து வருஷம் இப்படித்தான் வழுக்கி வழுக்கி விழுந்தேம்மா” என்றார்.

குடிக்கிறவர்களின் வீட்டார் சனிக்கிழமை மாலைகளில் கூடும் மாடி அறை அது. குடியை விட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அதே நேரத்தில் வேறு கூட்டம் நடக்கும்.

இந்த இடம் அமைவதற்கே இரண்டு மாதம் ஆயிற்று. முதலில் பார்த்த கூட்டம், அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் நடந்தது. அவள் காரை விட்டு இறங்கவே இல்லை. அடுத்த இடத்தில், மாதாமாதம் அவளிடம் கையை நீட்டி ரத்தம் கொடுக்கிற பெரியவர் ஒருவர் வாசலிலேயே நின்றிருந்தார். அவளும் கணவனும் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். கடைசியில் கணவன்தான் நாலு பேரிடம் விசாரித்து, ஊரின் மறுகோடியில் இருந்த இந்தக் கட்டடத்தைப் பிடித்தான்.

முதல் நாள், வாசல் மேஜையில் இருந்த பெண் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடிப்படியைக் காட்டினாள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிட்டாள். கணவன் காரிலேயே இருந்துகொண்டான்.

அன்றிலிருந்து இது ஐந்தாவது வாரம். தன் முறை வந்தபோதெல்லாம் அவளும் சொன்னாள். துணி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கும் பாட்டில்களைப் பற்றிச் சொன்னாள். காலை எட்டு மணிக்கே வீசும் வாடையை, வேலைக்கு லீவு கேட்டுச் சொன்ன பொய்களை, மகளின் பள்ளி விழாவில் எல்லார் முன்னாலும் தலைகுனிய நேர்ந்ததைச் சொன்னாள். அதில் ஒன்றுகூட இட்டுக்கட்டியது இல்லை. எல்லாம் அந்த வீட்டில் நடந்ததுதான்.

சொல்லி முடித்ததும் யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். ‘எப்படித்தான் பொறுத்துக்கிறீங்களோ’ என்பார்கள். அந்த வார்த்தை அவளுக்கு முள்ளாகக் குத்தும். கண்ணில் நீர் முட்டும். அதையும் அவர்கள் வேதனை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இன்று பிளாஸ்திரியைப் பார்த்ததும் தையல்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு அவன் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பெண்டாட்டியை இங்கே அழவிட்டு இந்த மனுஷனுக்குப் பாட்டு வேறயா, பத்தடி நடந்தால் கீழே அவனுக்கென்றே ஒரு கூட்டம் நடக்கிறது, அதில் போய் உட்கார என்ன கேடு என்று கேட்டுக்கொண்டே, யார் தடுத்தும் நிற்காமல் படியிறங்கினார்.

வேண்டாங்க, வேண்டாங்க என்று அவள் பின்னாலேயே ஓடினாள். அதற்குள் அந்த அம்மா கார்க் கண்ணாடியைத் தட்டிவிட்டார்.

அவன் பாட்டை நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். எதற்கு என்று புரியாமலேயே மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்தான்.

“சிரிக்கிறீங்களா? படிச்சவர் மாதிரி இருக்கீங்க. இந்தப் பொண்ணு அஞ்சு வாரமா மேல வந்து கண்ணைக் கசக்குது. உங்க குடியால அது நெத்தியை உடைச்சுக்கிட்டு நிக்குது. கையைப் பாருங்க, எப்படி நடுங்குது. உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு போன ஒருவரும் நின்றார்.

அவன் மனைவியைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவள் தரையைப் பார்த்தாள். இப்போது வாயைத் திறப்பான், எல்லாவற்றையும் போட்டு உடைப்பான் என்று காத்திருந்தாள். அவன் அப்படிச் செய்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

“என் தப்புதாம்மா” என்றான் அவன், எல்லாருக்கும் கேட்கும்படி. “இனிமே இப்படி நடக்காம பாத்துக்கறேன்.”

தையல்கார அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. கோபம் பாதியில் நின்றுபோய், இந்த மட்டும் ஒப்புக்கொண்டாரே என்று முணுமுணுத்தபடி திரும்பி நடந்தார்.

அவன் மனைவியின் கையை ஒரு முறை அழுத்தினான். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை.

“நீ போ. கூட்டம் முடியற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. தையல்கார அம்மாவின் பின்னாலேயே கட்டடத்துக்குள் வந்தாள். அந்த அம்மா மாடிப்படியில் ஏறிக்கொண்டே, சீக்கிரம் வாம்மா என்றார்.

அவள் ஏறவில்லை. கீழ்த்தளத்துக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே பதினைந்து ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தை நடத்துகிற லாரி டிரைவர் எழுந்து வந்தார். வாசலில் நடந்தது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவள் நெற்றியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்க வீட்டுக்காரர் உள்ள வரக் கூச்சப்படறாராம்மா? நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?”

அவள் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“அவர் அதைத் தொட்டதே இல்லீங்க. குடிக்கிறது நான்.”