தட்டில் சிவப்புத் துகள்

ஜோஹன்னஸ்பர்க் ஆய்வகத்தின் அரைவை அறையில் புழுக்கமான மதியம். பார்பர்ட்டன் மலையிலிருந்து ஆராய்ச்சி மாணவி நொக்வாஸி கொண்டுவந்த கல், முந்நூற்றைம்பது கோடி வருஷத்துப் பழசு, சாம்பல் தூளாகத் தட்டில் கிடக்கிறது. கண்டம் உருவான விதத்தைச் சொல்ல அவளிடம் இருந்தது அந்த ஒரே கல்தான். அது இருந்த பாறையைச் சாலைக்காக வெடிவைத்துத் தகர்த்தாகிவிட்டது. தூளுக்குள் சிவப்பாக ஏதோ மின்னுகிறது. அவள் கல்லில் சிவப்பே கிடையாது.

“சார், உங்க கிரானைட்டை அரைச்சப்புறம் மெஷினைக் கழுவலையா?” பேராசிரியர் டு ப்ரே ரஸ்க்கைத் தேநீரில் முக்கி உறிஞ்சுகிறார். மீசையில் நொதநொதவென்று ஒட்டியதை நாக்கு துழாவுகிறது. “துடைச்சேன்மா, கைக்குட்டையால.” “மூக்கு சிந்துவீங்களே, அதே கைக்குட்டையா?” அவர் சிரிக்கிறார். “சிவப்பைப் பொறுக்கிட்டு மிச்சத்துக்கு வயசு பாரு.” “உங்க கல்லுல சிவப்பில்லாத துகளும் உண்டே சார். எது யாருதுன்னு எப்படித் தெரியும்?” “படிக்கிறவனுக்கு மட்டும் தெரியுமா? கட்டுரையில என் பேரை முதல்ல போடு, எவனும் கேக்கமாட்டான்.” எச்சில் விரலால் தூளைத் தொட்டு வெளிச்சத்தில் பார்க்கிறார். நொக்வாஸி தட்டை அவர் கைக்கு அடியிலிருந்து உருவிக் குப்பை வாளியில் கவிழ்க்கிறாள். அத்தனை பழைய கல் விழுகிற சத்தம்கூடக் கேட்பதில்லை.