பதினாறு பட்டன் மெஷின்

செவ்வந்தி என்ற எலிக்குப் பிரசவ நேரம் நெருங்கிவிட்டது. குட்டி போடப் பத்திரமான இடம் வேண்டும். அதனால் புருஷன் மாசானத்தை இழுத்துக்கொண்டு வாஷிங் மெஷின் கடைக்குள் நுழைந்தாள்.

ரெண்டே பட்டன் இருந்த மெஷினுக்கு அடியில் புகுந்து பார்த்த மாசானம், "இதுவே போதும் புள்ள, நல்ல விசாலம்" என்றான்.

"யோவ், மூளை இருக்கா? இதை வாங்குறவங்க தினமும் ஓட்டுவாங்க. என் பிள்ளைங்க நசுங்கணுமா? அந்தப் பதினாறு பட்டன் மெஷின்ல ஏறு."

"ஏன், அதுல துவைக்க மாட்டாங்களா?"

"பேசாம ஏறுய்யா."

மறுநாளே அதை ஒரு குடும்பம் வாங்கிப்போனது. வீட்டுக்கார அம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். பூப்போட்ட உறை தைத்து மாட்டினாள். "கண்டதை அமுக்கிக் கெடுத்துராதீங்க" என்று எல்லாரையும் மிரட்டிவிட்டு, துணியைக் கொண்டுபோய்க் கல்லில் அடித்துத் துவைத்தாள்.

செவ்வந்தி நிம்மதியாக அஞ்சு குட்டி போட்டாள்.

ஆறு மாசம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "மெஷின் எப்படிக்கா?"

"தங்கம்! இன்னைக்கு வரைக்கும் ஒரு ரிப்பேர் கிடையாது. கண்ணை மூடிட்டு வாங்கு."

கீழே மூணாவது பிரசவத்துக்குப் பஞ்சு பரப்பிக்கொண்டிருந்த செவ்வந்தி, தன் தங்கச்சிக்கும் அதே மாடலைத்தான் சொல்லி அனுப்பினாள்.